பின் ஸ்பிரிங்

ஸ்போர்ட்ஸ் பைக் எது வந்தாலும், ஆள் ஏறாமல் நிற்கும்போது பின் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று அளந்துவிட்டுத்தான் மெக்கானிக் வேலையைத் தொடங்குவான். வழக்கமாக வரும் ஒரு வாடிக்கையாளரின் மனைவி பின்சீட்டிலிருந்து விழுந்து இறந்த மறுவாரம், அவருடைய பைக்கை அளந்தான். ஐம்பது கிலோ ஏற்றியதுபோல் அமுங்கியிருந்தது. ஸ்பிரிங்கில் ஒரு குறையும் இல்லை.

"அவ அப்படித்தான். இறங்குன்னா இறங்கமாட்டா," என்று அவர் சிரித்தார். "இறுக்கி விடு."

இறுக்கினான். வருடம் திரும்புவதற்குள் புது மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"மெதுவா ஓட்டச் சொல்லுங்கண்ணே," என்றாள் அவள், பாதி விளையாட்டாக.

நேற்று அவர் தனியாக வந்தார். மெக்கானிக் இரண்டு முறை அளந்தான். நூறு கிலோ.

"அண்ணி வரலையாண்ணே?"

"இன்னொரு ஆளுக்கும் சேத்தே இறுக்கி வை," என்றார்.