மரகதத்துக்குத் தொண்டை கட்டிவிட்டது

டப்பிங் அறையில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். ஹெட்போன் கழுத்தில். கையில் செல்போன்.

நேற்று ஒளிபரப்பான காமெடி சீரியலுக்கு இரண்டாயிரம் கமெண்ட்.

'கெஸ்ட்டா வந்த ஹீரோயின் கலக்கிட்டாங்க. மும்பைப் பொண்ணு, என்னமா தமிழ் பேசுது.'

'மோட்டார் சண்டை செம. அந்தக் குரலுக்கே அவார்டு குடுக்கலாம்.'

'மாடிவீட்டு மரகதத்துக்குத் தொண்டை கட்டிடுச்சா? காது வலிக்குது.'

'மரகதத்தைத் தூக்கிட்டு இவங்களையே போடுங்க.'

மாடிவீட்டு மரகதம் அவள்தான். நானூறு எபிசோடு. காய்கறிக் கடையில் முகத்தைப் பார்க்கும் முன்பே குரலைக் கேட்டுத் திரும்புவார்கள்.

அந்த மும்பைப் பெண்ணின் குரலும் அவள்தான்.

நடிகைக்குத் தமிழ் வராது. செட்டில் இந்தியில் ஏக், தோ, தீன், சார் என்று எண்ணித்தான் உதட்டை அசைத்தாள். அந்த எண்களுக்கெல்லாம் வசனம் பேசியவள் இவள்.

காட்சியோ, தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்று மரகதமும் நடிகையும் போடும் சண்டை.

ஒரே குரல் தன்னோடு தானே சண்டை போட முடியாது. அதனால் மரகதத்துக்கு வேறொரு பெண்ணைப் பேச வைத்தார்கள். அந்தப் பெண் மூக்கால் பேசினாள். தகரத்தில் ஆணி கீறுவதுபோல.

"ரெண்டே எபிசோடுதானேக்கா," என்றார் அன்றைக்கு டைரக்டர் தண்டபாணி.

அவளும் தலையாட்டினாள். அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் பொறுக்கமாட்டாமல் அவளே ஒரு கமெண்ட் போட்டிருந்தாள். 'ஹீரோயினுக்குப் பேசினது நான்தான். மரகதமா நடிக்கிறதும் நான்தான்.'

முப்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள்.

ஒருவர் மட்டும் பதில் எழுதியிருந்தார்.

'மிமிக்ரி பண்ணி அனுப்புங்கக்கா. கொஞ்சமாவது பக்கத்துல வருதான்னு பாப்போம்.'

செல்போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தண்டபாணி மைக்கில் பேசினார்.

"அக்கா, ஜனங்க ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. அந்தம்மாவுக்கு இன்னும் அம்பது எபிசோடு, சேனல்ல பேசியாச்சு. மரகதம் மக வீட்டுக்குப் போற சீன்தான் ஏற்கெனவே எடுத்து வச்சிருக்கோமே, திரும்பி வராத மாதிரி அதோட முடிச்சிடுறோம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கவலையே படாதீங்க. மூஞ்சிதானேக்கா போகுது. குரல் இருக்குல்ல."

ஆறுதலாகத்தான் சொன்னார். சிரிக்கவும் செய்தார்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

திரையில் மரகதம் பெட்டியோடு மாடிப்படி இறங்கினாள். நானூறு எபிசோடும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சண்டைக்கு இறங்கிய அதே படி. கீழே நடிகை, வழியனுப்பக் காத்து நின்றாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

நடிகையின் உதடு திறந்தது. ஏக், தோ.

இவள் இரண்டு விரலால் தன் மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

தகரம் கீறியது.

தண்டபாணி காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினார்.

"என்னக்கா, தொண்டை கட்டிடுச்சா?"

திரையில் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. தீன், சார்.

விரலை எடுக்காமலே அடுத்த வரியைச் சொன்னாள்.