மேல்மாடி உத்தரவு

"பொம்பிளை நாட்டை ஆண்டவவாம்! மந்திரிமாருக்கு என்ன விசரே?"

நவரட்ணம் நாடகப் பிரதியை மேசையில் போட்டார். ஞாயிறு பின்னேரம். கனடாவின் ஸ்காபரோவில், தலைவர் பொன்னம்பலத்தாரின் வீட்டு பேஸ்மென்டில் தமிழ் ஒன்றியத்தின் நிர்வாகக் குழு கூடியிருந்தது. குழு என்றால் மூன்று பேர். செயலாளர் நவரட்ணம், பொருளாளர் பத்மநாதன், போன மாதம்தான் சேர்ந்த யேசுரட்ணம். தலைவருக்கு நாரி நோவாம், இடுப்பு நிமிர்த்த முடியாதாம், படி இறங்க ஏலாதாம் என்று அவர் மனைவி புனிதவதி சொல்லியிருந்தார்.

"தம்பி, அது நடந்த கதை," என்றார் புனிதவதி, வடைத் தட்டை வைத்தபடி. "ஆயிரத்தைஞ்ஞூறு வருசத்துக்கு முந்தி, பாரசீகத்தில. ராசா செத்துப்போனார். ரெண்டு மகன்மாரும் சிம்மாசனத்துக்கு அடிபட்டாங்கள். அவங்கள் அடிபட்டு முடியுமட்டும் தலைநகரத்தில இருந்து நாட்டைப் பார்த்தவ தாய்தான். டேனாக் ராணி. லைப்ரரியில புத்தகம் எடுத்து வாசிச்சனான்."

தொழிற்சாலையில் மதிய இடைவேளைகளில், மடியில் கொப்பியை வைத்து ஆறு மாதம் எழுதிய நாடகம் அது. ஆண்டு விழாவில் அது மேடையேற வேண்டும், டேனாக் ராணியாகத் தானே நடிக்க வேண்டும். அந்த ஆசையில் புனிதவதிக்கு ஒரு கிழமையாக நித்திரை இல்லை.

"சரி, நாடகம் போடுவம்," என்று பத்மநாதன் பெரிய மனது பண்ணினார். "ஆனா ராணி வேசத்துக்கு ஒரு ஆம்பிளை சீலை கட்டட்டும். பொம்பிளையள் மேடையில ஏறி ஆம்பிளையளை அதட்டுறது வடிவில்லை. கலாசாரம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ?"

"மீசையோடயோ அண்ணை?" என்று யேசுரட்ணம் கேட்டார். பத்மநாதன் ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

"நான் ஏன் வீணாக் கதைப்பான்? இவரைக் கேட்டுக்கொண்டு வாறன்," என்று புனிதவதி படியேறினார்.

வழக்கமே அதுதான். மண்டபத்தை மாற்றியது, தமிழ் வகுப்புக்குப் புது ஆசிரியை வைத்தது, மூன்று மணி நேரம் ஓடும் வரவேற்புரைக்கு மூன்று நிமிடம் ஒதுக்கியது எல்லாம் இப்படி மேலே போய், கீழே இறங்கி வந்த முடிவுகள்.

மேலே கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

இந்தக் குளிரும் வேண்டாம், இந்த ஒன்றியமும் வேண்டாம் என்று பொன்னம்பலத்தார் பாரிசில் தம்பியின் கடைக்குப் போய் எட்டு மாதம். தொலைபேசியில் கேட்டால் "நீயே பார்" என்பார். தலைவர் மூன்று மாதம் நாட்டில் இல்லாவிட்டால் புதிதாகத் தேர்தல் வைக்க வேண்டும் என்பது ஒன்றியத்தின் சட்டம். பிடிபட்டால் நாடகமும் போச்சு, அதிகாரமும் போச்சு. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடப் புனிதவதிக்கு மனம் வரவில்லை. ஒன்றியத்தை ஆண்டு பார்த்தால் அது நல்லாய்த்தான் இருந்தது.

கட்டிலில் இருந்து, குரலைத் தடிப்பாக்கி, கீழே கேட்கும்படி இரண்டு தரம் இருமினார். பிறகு இறங்கி வந்தார்.

"இவர் சொல்லிப்போட்டார். நாடகம் போடுறதாம். ராணி நான்தானாம். சிம்மாசனத்துக்கு அடிபடுற ரெண்டு மகன்மாரும் நீங்கள் ரெண்டு பேருமாம்."

"அண்ணை சொன்னாச் சரி," என்றார் பத்மநாதன்.

"அண்ணையின்ர மூளை ஆருக்கு வரும்?" என்றார் நவரட்ணம். கலாசாரம் அந்த நிமிடமே காணாமல் போயிற்று.

யேசுரட்ணம் எழும்பினார். "நான் இன்னும் அண்ணையைக் கண்டதில்லை. ஒருக்கா மேல போய்ச் சுகம் விசாரிச்சிட்டு வாறனே அக்கா."

"தம்பி, அவர்..." என்று புனிதவதி தொடங்கினார்.

பத்மநாதன் பாய்ந்து யேசுரட்ணத்தின் கையைப் பிடித்தார். "இரும் ஐசே! நோவோட கிடக்கிற மனுசனை எழுப்பி என்ன விசாரணை?" நவரட்ணம் படியின் குறுக்கே போய் நின்றார். "நினைச்ச நேரம் ஏறிப் பார்க்க அவரென்ன சாதாரண ஆளே? தலைவர் எல்லோ!"

யேசுரட்ணம் திரும்பி வந்து உட்கார்ந்தார். புனிதவதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இப்படி இரண்டு மொக்குகளைத் தன் ஒன்றியத்துக்கு அனுப்பிய பிள்ளையாருக்கு மனதுக்குள் தேங்காய் நேர்ந்துகொண்டார்.

கூட்டம் முடிந்து மூவரும் பத்மநாதனின் வான் வண்டியில் ஏறினார்கள். சிவப்பு விளக்கில் வான் நின்றபோது, பின் சீட்டில் இருந்து யேசுரட்ணம் மெல்லக் கேட்டார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. மேல இருமினது பொம்பிளைக் குரல் மாதிரிக் கிடந்தது."

"மாதிரி என்ன, அக்காதான்," என்றார் நவரட்ணம். "பொன்னம்பலத்தார் பாரிசில."

"அப்ப உங்களுக்குத் தெரியுமே?"

"ஏர்போட்டுக்குக் கொண்டுபோய் விட்டதே நான்தானே," என்றார் பத்மநாதன்.

"பிறகேன் ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு அந்த மனுசி சொல்லுறதெல்லாம் கேக்கிறியள்?"

"எங்களுக்குத் தெரியுமெண்டு வந்தா எலெக்சன் வைக்க வேணுமே! வைச்சா உந்த ஆளெல்லோ தலைவரா வந்திடும்!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொல்லி, ஒருவரை ஒருவர் கை நீட்டிக் காட்டினார்கள்.