கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம்

எதிர்வீட்டுப் புரூஃப் பார்ப்பவரும் வெளியூரிலிருந்த அவர் அக்காவும் சேர்ந்து தங்கள் அம்மாவைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். இருவர் கணினியிலும் வேறு வேறு மென்பொருள். அக்கா அனுப்பும் கோப்பின் கடைசியில் எப்போதும் ஒரு வெற்றுப் பக்கம் இருக்கும்.

"எதுக்குக்கா இந்த வெத்துப் பக்கம்?" என்று அவர் போனில் கத்துவது என் சமையலறைக்கே கேட்கும்.

"உனக்குன்னு எழுதினதுடா. அங்க தெரியலையா?"

"கதை விடாத!" அழித்துவிடுவார்.

அக்கா இறந்த வாரமே அவள் கணினியைக் காயலான் கடையில் போட்டார். எதற்கும் அவசரப்படாத மனிதர்.

இப்போது அவர் அந்தப் புத்தகக் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் கூடியிருக்கிறது. சர்க்கரை கேட்கும் சாக்கில் போய் நானே எண்ணினேன். நாற்பத்தொன்று.

"அழிச்சிடுங்களேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் வெற்றுப் பக்கத்தின் மேல்வரியிலிருந்து நிதானமாகப் படிக்கத் தொடங்கினார்.