இளவரசி சொன்ன சரி

ஒரு சின்ன நாடகக் கொட்டகையில் கழுதை ராஜாவாகவும் செவலை ஆடு இளவரசியாகவும் நடித்துவந்தன. தினமும் மேடையில் கழுதை மண்டியிட்டு, "தேவி, என்னை மணம் புரிவாயா?" என்று கேட்கும். "மாட்டேன்" என்று ஆடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கழுதை ஓவென்று அழும். அந்தக் கண்ணீர் நிஜம் என்பது ஆட்டுக்கு மட்டும் தெரியும். அதற்கும் கழுதைமேல் ஆசைதான். வசனம்தான் குறுக்கே நின்றது.

ஒருநாள் ஆடு மனசு தாங்காமல், "சரி" என்று சொல்லிவிட்டது.

கழுதை திகைத்துப்போய், மனப்பாடமாயிருந்த அடுத்த வசனத்தையே சொன்னது: "ஐயோ, கல்நெஞ்சக்காரி!"

"யோவ், சரின்னு சொல்லிட்டேன்யா!" என்றது ஆடு.

திரைக்குப் பின்னாலிருந்து நாடக வாத்தியார் வான்கோழி பதறியது: "இன்னும் ரெண்டு மணி நேர நாடகம் பாக்கி இருக்கே!"

முன்வரிசைத் தவளை எழுந்து நின்றது.

"அதனாலென்ன? கல்யாணத்தை நடத்துங்க, இருந்து பார்த்துட்டுப் போறோம்!"