மாப்பிள்ளை ஏறி வந்த வண்டி

"என்கூட ஆட்டோவுல வாடான்னா கேட்டியா? பொண்ணு பாக்க எவனாவது சைக்கிள்ல வருவானா?"

விருத்தாசலத்தில், பெண் வீட்டு வாசலிலேயே மகன் சாவியோவைப் பிடித்துக்கொண்டாள் ரெஜினா. அவன் காலேஜில் சமூகவியல் பேராசிரியர். மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்கியவன். போகிற ஊரிலெல்லாம் சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டு மனுக் கொடுப்பவன்.

"ஊருக்குச் சொல்லிட்டு நானே ஓட்டலன்னா எப்படிம்மா?"

"சரி சரி, மொதல்ல சுருட்டின பேன்ட்டை எறக்கி வுடு."

உள்ளே ரெஜினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஜ்ஜியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள். பெண்ணின் அப்பா சவரிராஜ், செராமிக் கம்பெனி முதலாளி, சாவியோவை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"பொண்ணுக்குத் தம்பியைப் புடிச்சிருக்குதுங்க. ஆனா, ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது..."

ரெஜினா பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தாள்.

"தம்பி அந்தச் சைக்கிளை வுட்டுட்டு ஒரு காரு வாங்கிடணும்."

"அவ்வளவுதானுங்களே! நாளைக்கே வாங்கிடுவான்!"

"இரும்மா" என்ற சாவியோ, குனிந்து வலது பக்கப் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினான். உள்ளே செயற்கைக் கால். "சார், அம்மா சொல்ல வேணாம்னாங்க. இதை மறைச்சுக் கல்யாணம் பண்ணிக்க எனக்கு மனசு வரல."

ரெஜினா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சவரிராஜ் சிரித்தார்.

"அதைத் தரகரு அன்னைக்கே சொல்லிட்டாரு தம்பி. காலு போனது ஆண்டவர் சித்தம். சொந்த பந்தத்துல யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. ஆனா, சைக்கிள்ல நீங்களாத்தானே ஏறுறீங்க!"