ஐந்து முறை விழுந்தவர்

கண்ணை மூடிக்கொண்டே விமானம் ஓட்டுவேன் என்று முப்பது வருடமாக மார்தட்டிய தலைமைப் பயிற்சியாளர், விசாரணை அதிகாரியின் எதிரிலேயே சிமுலேட்டரில் ஐந்தாவது முறையும் தரையில் மோதினார். போன மாதம் அவரிடம் பயின்ற ஒரு பெண் விமானி ஓட்டிய விமானம் கவிழ்ந்து விழுந்த அதே பனிமூட்டத்தைத்தான் ஆப்பரேட்டர் போட்டிருந்தார்.

"என்னாலயே நிமித்த முடியல சார். செத்துப்போன அந்தப் பொண்ணு என்ன பண்ணுவா, பாவம்!"

'விமானி மீது தவறில்லை' என்று எழுதிக்கொண்டு அதிகாரி கிளம்பினார்.

ஆப்பரேட்டருக்குக் கண் கலங்கிவிட்டது. "நேத்து தனியா வந்து எட்டே செகண்டுல நிமித்தினீங்களே சார்! அவ பேரைக் காப்பாத்த உங்க கௌரவத்தையே விட்டுட்டீங்க."

"அட போய்யா," என்று குரலைத் தாழ்த்தினார் பயிற்சியாளர். "நிமித்த முடியும்னு தெரிஞ்சா, அவளுக்கு ஏன் வரலைன்னு கேப்பாங்க. இந்தப் பயிற்சியை நடத்தாமலே அவளுக்குப் பாஸ்னு கையெழுத்துப் போட்டது நான்யா!"