எல்லை நடந்த நாள்

பாதிரியார் லவ்டே ஒரு காலை ஜன்னலுக்குள் போட்டுவிட்டு, மறு காலை எடுக்க முடியாமல் மாட்டிக்கொண்டார். இரண்டு பேர் வெளியிலிருந்து அவரைத் தள்ளினார்கள். பட்டப்பகலில், ஆளுக்கொரு கம்போடு, ஊரே ஆம்ப்ரோஸ் தாக்வெல்லின் படுக்கையறைக்குள் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தது.

உள்ளே நிற்க இடமில்லை. "இந்தக் கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தினா என்ன?" என்று கேட்டார் கல்லறைத் தோட்டக்காரர் பெர்ட்.

ஆம்ப்ரோஸ் சிரித்தார். "அது நகராதுப்பா. எங்க கொள்ளுத் தாத்தா இந்த அறைக்குள்ளயே வச்சு அடிச்சது, தரையோட சேத்து. அதுக்கப்புறம் மூணு தலைமுறை தாக்வெல் இதுலதான் பொறந்தோம், நான் உள்பட."

திருட்டு இல்லை, பயப்பட வேண்டாம். ஆஷ்மர் ஊர் எல்லையை மே மாதத்தில் ஒரு நாள் எல்லோருமாக நடந்து, எல்லைக் கல் ஒவ்வொன்றையும் கம்பால் அடித்துவிட்டு வருவது அறுநூறு வருஷத்துப் பழக்கம். ஓடை குறுக்கே வந்தால் ஓடையில் இறங்க வேண்டும். வீடு குறுக்கே வந்தால் வீட்டுக்குள் இறங்க வேண்டும்.

தாக்வெல் வீடு குறுக்கேதான் வந்தது. ஒரு கல் ஜன்னலுக்கு வெளியே, அடுத்த கல் கொல்லையில் பேரிக்காய் மரத்தடியில். சேற்றுக் காலோடு வராதீர்கள் என்று அந்த வீட்டுக்காரர்கள் சொல்லிச் சொல்லி, ஊரும் நாலு தலைமுறையாகச் சுற்றிக்கொண்டே போனது. இந்த வருஷம்தான் ஆம்ப்ரோஸே பிடிவாதம் பிடித்தார், ஓர் அடிகூடப் பிசகக் கூடாது என்று.

எல்லாம் வினிஃப்ரெட் ஸ்லேடனுக்காக. கூட்டத்தில் கடைசியாகக் கம்பை ஊன்றிக்கொண்டு வந்த அந்த அம்மாளுக்கு அறுபத்தொன்பது வயது. குடியிருக்கும் வீட்டை விற்கிறோம், மாதக் கடைசிக்குள் காலி செய் என்று சொல்லிவிட்டார்கள். சர்ச்சுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆறு தர்ம வீடுகளில் ஒன்று காலியாக இருந்தது, அதைக் கேட்டாள்.

அந்த வீடுகள் 1623-இல் ஒரு கம்பளி வியாபாரி எழுதி வைத்தவை. ஊர் எல்லைக்குள் பிறந்த வயதானவர்களுக்கு மட்டும்தான். அதை நடத்தும் கமிட்டியில் உட்காருகிறவரும் எல்லைக்குள் பிறந்திருக்க வேண்டும் என்று அதே உயிலில் இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக ஆம்ப்ரோஸ்தான் கமிட்டித் தலைவர்.

வினிஃப்ரெட்டின் விதி வேறு மாதிரி. ஓடைக்கு அந்தப் பக்கம் காய்ந்த புல் அள்ளப் போன அவள் அம்மாவுக்கு அங்கேயே வலி வந்துவிட்டது. வேலியோரத்தில் பிள்ளையைப் பெற்று, ஒரு மணி நேரத்தில் வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த வேலி பக்கத்து ஊரான கோர்ஸ்டனில் இருந்தது.

கோர்ஸ்டன் என்றால் எங்களுக்கு ஆகாது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் உள்நாட்டுச் சண்டையின்போது எங்கள் சர்ச் மணியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள். இன்றைக்கும் அந்த ஊர் முட்டையை இங்கே யாரும் வாங்குவதில்லை.

கமிட்டியில் பாதிரியார் அவளுக்காக எவ்வளவோ பேசிப் பார்த்தார். நாற்பது வருஷமாக சர்ச் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறவள், ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குத் தொட்டிலாட்டியவள் என்றெல்லாம் சொன்னார். ஆம்ப்ரோஸ் அசையவில்லை.

"எங்க வளந்தாங்கங்கறது கேள்வி இல்ல, ஐயா. பொறந்த எடம் எது? அதான் கணக்கு. ஒரு அடி தள்ளிப் பொறந்தாலும் வெளியூர்தான்."

இன்று அதை ஊருக்கே நிரூபித்துவிடுவது என்று கிளம்பியிருந்தார். ஒவ்வொரு கல்லிலும் நின்று வரலாறு சொன்னார்: இது நார்மன் காலத்து மாவு மில் இருந்த இடம், இது கொள்ளைநோயில் செத்தவர்களைப் புதைத்த மேடு. ஓடைக்கு வந்ததும் எல்லோரையும் நிறுத்தி, எல்லையிலிருந்து அந்த வேலி வரை காலால் அளந்து காட்டினார். பன்னிரண்டு அடி.

 தன் முறை வந்தபோது வினிஃப்ரெட் ஓடைக்கரைக் கல்லை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தாள். 

இப்போது படுக்கையறையில், எல்லை எந்த வழியாகப் போகிறது என்று தெரிய வேண்டுமே. பாதிரியார் ஜன்னலுக்கு வெளியே இருந்த கல்லில் கயிற்றின் ஒரு முனையைக் கட்டச் சொன்னார். மறு முனையோடு பெர்ட் பின்கதவு வழியாகப் பேரிக்காய் மரத்துக்குப் போனார்.

கயிறு அறைக்குள் தளர்ந்து தொங்கியது. அது கட்டில் காலை உரசிக்கொண்டு கிடந்ததைப் பார்த்ததும் ஆம்ப்ரோஸின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"இழுத்துப் பிடிங்கப்பா," என்றார்.

இழுத்துப் பிடித்தார்கள். கயிறு கட்டிலை விட்டு இன்னும் ஒரு சாண் விலகி விறைத்து நின்றது. ஜன்னல், கதவு, அலமாரி எல்லாம் ஆஷ்மரில். கட்டில் மட்டும், தலையணையும் நாலு காலுமாக, கோர்ஸ்டனில்.

 கயிற்றை மரத்தடிக் கல்லில் கட்டிவிட்டு வந்த பெர்ட் கதவருகே நின்று, கட்டிலைத் தரையோடு சேர்த்து அடித்த ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிரியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, கமிட்டித் தலைவரைப் பற்றி உயிலில் ஒரு வரி இருக்கிறதே என்று மெல்ல ஆரம்பித்தார்.

வினிஃப்ரெட் அவரைக் கையமர்த்தினாள். கயிற்றைத் தாண்டிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, காலையிலிருந்து நடந்த களைப்போடு ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு பக்கத்தில் இருந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"வந்து உக்காரு ஆம்ப்ரோஸ். நாம ரெண்டு பேரும் ஒரே ஊரு."